அக்கா வீட்டுக் குளிர்

தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கும் அந்தத் தெருவில், தையற்காரியின் வீட்டுக்குள் மட்டும் வருடம் முழுக்கக் கடுங்குளிர் அடித்துக்கொண்டிருந்தது. வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றால் சட்டை முதுகில் ஒட்டும். அந்தப் பக்கம் ஒரு கால் வைத்தால் மூச்சு புகையாக வரும். ஜன்னல் கண்ணாடிகளில் உள்பக்கமாகப் பனி படிந்து, தெருவில் போகிறவர்களுக்கு யாரோ வீட்டுக்குள் பாலை ஊற்றி நிரப்பி வைத்தது போலத் தெரியும். முதலில் வந்து பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பிறகு வந்தவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். பூக்காரி மாலையில் விற்காத கூடையை அந்த வாசற்படிக்கு உள்ளே நகர்த்திவிட்டுப் போவாள். மறுநாள் அதே பூ, அதே விறைப்பு, அதே விலை. மீன்காரர் ஐஸ் வாங்குவதையே நிறுத்திவிட்டார். எதிர்வீட்டு வாத்தியார் மதியத்தில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, கதவிடுக்குக்கு முதுகைக் கொடுத்துப் பேப்பர் படிப்பார். வானிலை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து அளந்து பார்த்துவிட்டு, கருவி பழுது என்று குறித்துக்கொண்டு போனார். மின்சார ஆபீஸ் ஆளும் வந்தார். இவ்வளவு குளிருக்கு மீட்டர் தலைதெறிக்க ஓடியிருக்க வேண்டும்; அதுவோ நடை பழகுகிற குழந்தை மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. மீட்டரை மாற்றினார். புது மீட்டரும் அப்படியே நகர்ந்தது. அதையும் மாற்றிப் பார்த்து அலுத்துப்போய், அந்த வீட்டுப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

யாராவது புதிதாக வந்தவர்கள் காரணம் கேட்டால், தையற்காரி சால்வைக்குள்ளிருந்து முகத்தை நீட்டி, "என் தம்பி வேலை," என்று மட்டும் சொல்வாள். கேட்டவர்கள் அதைப் பெருமை என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஃபிரிட்ஜை ரிப்பேர் பண்ணச் சொன்னால் வீட்டையே குளிர வைத்துக் கொடுத்த கைராசிக்காரன் யார் என்று விசாரித்து, தங்கள் வீட்டுக் கெட்டுப்போன சாமான்களைத் தூக்கிக்கொண்டு தம்பி கடைக்கு நடந்தார்கள். தம்பி ஒருவருக்குத்தான் அந்த மூன்று வார்த்தைக்கு வேறு அர்த்தம் தெரிந்தது.

தம்பியை ஊரில் காதுக்காரர் என்று கூப்பிடுவார்கள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி, ஃபேன் எதுவானாலும் அவர் எடுத்தவுடன் திறக்க மாட்டார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் பொருத்திக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரியில் நிற்பது போல மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். "பேரிங் போச்சு" என்பார்; போயிருக்கும். "ஒண்ணும் இல்ல, உள்ள ஒரு ஊக்கு கெடக்கு" என்பார், கிடக்கும். பேரத்திலும் ஆள் சளைத்தவரில்லை. கெட்டுப்போன சாமானை முதலில் நன்றாகப் புகழ்ந்துவிடுவார். அதற்கப்புறம் எந்த வீட்டுக்காரருக்கும் அதைக் கைகழுவ மனசு வராது. சொந்தக்காரர்கள் வீட்டு வேலை மட்டும் அவரிடம் வரிசையின் வால் பக்கம் நிற்கும். அந்தத் தொழிலில் பலருக்கும் உள்ள வியாதிதான் அது. வெளியாள் கத்துவான், கடையை மாற்றிவிடுவான்; சொந்தக்காரர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள்? அவர் வீட்டு மிக்ஸியையே அவர் மனைவி பென்சிலால் குத்தித்தான் ஓட வைத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் குளிராமல் போன அன்று மட்டும் அவர் உடனே போனார். காரணம், அக்காவின் கணவருக்குச் சர்க்கரை. காதுக்காரர் மாமா என்று கூப்பிடுகிற அந்த மனிதருக்கான ஊசி மருந்து ஃபிரிட்ஜ் கதவில்தான் இருந்தது. அன்று காதை வைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, தெர்மோஸ்டாட் போயிருந்தது. ஃபிரிட்ஜுக்குள் உட்கார்ந்துகொண்டு, குளிர் போதும் என்றால் மோட்டாரை நிறுத்தவும், போதாது என்றால் ஓட்டவும் செய்கிற சின்னச் சாமான் அது. புதியது பையில் இல்லை. அந்த இடத்தில் எந்த மெக்கானிக்கும் செய்வதை அவரும் செய்தார்: பழையதைக் கழற்றிப் போட்டு, இரண்டு ஒயரையும் ஒரு சிவப்புத் துண்டு ஒயரால் இணைத்து முறுக்கி, டேப் சுற்றினார். தொழிலில் இதை டைரக்ட் கொடுப்பது என்பார்கள். டைரக்ட் கொடுத்த ஃபிரிட்ஜ் நன்றாக ஓடும், நிற்கத்தான் தெரியாது. புதுப் பார்ட் வாங்கி வரும்வரை பாதகமில்லை. வாங்கி வராமல் இருந்துவிட்டால், உள்ளே இருப்பதெல்லாம் கல்லாகிவிடும்.

"டீ போடுக்கா, கடை வரைக்கும் போயிட்டு இதோ வந்துடறேன்," என்றார்.

கட்டிலில் சாய்ந்திருந்த மாமா, "உன் தம்பியோட இதோவுக்கு எந்த ஊர் கடிகாரத்தைப் பாக்கணும்?" என்று அக்காவைக் கேட்டார்.

"வருவான், நீங்க சும்மா இருங்க," என்று அக்கா பாலை அடுப்பில் வைத்தாள்.

கடைக்குப் போனார், பார்ட்டும் வாங்கினார். அதில் குறை சொல்ல முடியாது. திரும்பும் வழியில் விருந்து மண்டபத்து மேனேஜர் ஸ்கூட்டருக்குக் குறுக்கே விழுந்தார். ஊர்ப் பெரிய மனிதர்களெல்லாம் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஃப்ரீசர் செத்துவிட்டது, ஐஸ்கிரீம் பாயசமாகிக்கொண்டிருக்கிறது, நீங்கள்தான் தெய்வம் என்றார். காதுக்காரர் தெய்வமாகப் போனார். ஃப்ரீசர் பிழைத்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் மண்டபத்தில் பார்த்தவர்களே நாலு வேலை கொடுத்தார்கள். அக்கா போன் பண்ணி, ரொம்பக் குளிருதுடா, நிக்கவே மாட்டேங்குது என்றாள். கதவைக் கொஞ்சம் திறந்து வை, நாளைக்கு வந்துடறேன் என்றார். அப்படிச் சொல்கிறபோது மருந்து நினைவு வந்தது. ஏதோ ஒரு ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டிருந்தார். ஸ்க்ரூ உட்கார்ந்தது, நினைவு நழுவிவிட்டது. அக்கா வீடுதானே. இன்னொரு தடவையும் போன் வந்தது. அப்புறம் வரவில்லை. வராததை நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டார்.

அந்த மாதம் முடிவதற்குள் மாமா போய்ச் சேர்ந்தார். சாவுக்கு வந்தவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் சால்வை கேட்டார்கள். துக்க வீட்டில் உடம்பு நடுங்குவது சகஜம்தான் என்று முதலில் நினைத்தார்கள். வாசல் பெஞ்சில் டாக்டர் யாரிடமோ, கடைசியில் மருந்து பிடிக்கவே இல்லை, ஏனென்று புரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது காதுக்காரரின் காதில் விழுந்தது. அவருக்குப் புரிந்தது. உறைந்து இளகிய மருந்து பார்வைக்கு மருந்து மாதிரியே இருக்கும், வேலை மட்டும் செய்யாது. ஊரில் உள்ள மருந்துக்கடை ஃபிரிட்ஜையெல்லாம் பார்ப்பவர் அவர்தான், இது தெரியாமல் இருக்குமா? குளிர் தன் நெஞ்சுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு உள்ளே போகாமல் தெருவிலேயே நின்றார். அக்கா நிலைப்படியில் நின்று ஒரு தடவை அவரைப் பார்த்தாள். அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிபார்த்தார். வாருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. தோளில் தொங்கிய பையில் புதுத் தெர்மோஸ்டாட் அட்டைப்பெட்டி பிரிக்காமல் கிடந்தது.

அதன் பிறகு அவர் அந்தத் தெருவுக்குப் போகவில்லை. சந்தைக்குப் போக அது குறுக்கு வழி. அவர் பள்ளிக்கூடத்தைச் சுற்றி, எண்ணெய் மில்லைச் சுற்றி, மூச்சு வாங்கப் போனார். வருடங்கள் போயின. பழைய பை கிழிந்து புதுப் பை வந்தது; தெர்மோஸ்டாட் புதுப் பைக்கு மாறியது. டெஸ்டரைத் தேடிக் கையை விட்டால் அந்தப் பெட்டியின் மூலைதான் முதலில் விரலில் இடிக்கும். அதே மாடல் ஃபிரிட்ஜ் எத்தனையோ வந்தது. ஸ்டாக் இல்லை, வரவழைக்க வேண்டும் என்று வாடிக்கையாளரைக் காக்க வைத்தாரே தவிர, அந்தப் பெட்டியைப் பிரிக்கவில்லை. கடை பெரிதானது, பெயர்ப்பலகைக்கு விளக்கு வந்தது. எல்லாம் அக்கா வீட்டுக் குளிர் கொடுத்த பெயர். மாமா போன நாளிலிருந்து காதும் பழையபடி இல்லை. எந்த மோட்டாரில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தாலும், ஓடுகிற சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது. யாரோ டம்ளரில் ஸ்பூன் விட்டுக் கலக்குகிற சத்தம். பேரிங் சத்தத்தையும் ஸ்பூன் சத்தத்தையும் பிரித்துக் கேட்கப் பழகிக்கொண்டார். மின்சார ஆபீஸ் ஆள் ஒருநாள் அவரிடமே வந்து, மீட்டர் ஓடாமல் குளிர் எப்படி வரும் என்று தொழில் தெரிந்தவரிடம் கேட்கிற மாதிரி கேட்டார். வேறு யார் வீடாக இருந்தாலும் காதுக்காரர் அந்தக் கேள்வியை விட்டிருக்க மாட்டார். அன்று, இப்போது வருகிற மீட்டரெல்லாம் அப்படித்தான் என்று சொல்லிப் பேச்சை மாற்றினார். அந்தச் சிவப்பு ஒயர்தான் காரணம் என்று அவர் எப்போதோ தீர்ப்பு எழுதி முடித்திருந்தார். அதைத் திரும்பப் பிரித்துப் பார்க்கத் துணிவில்லை.

இப்படியே போயிருக்கும், ஆப்பிள் மண்டிக்காரர் வராமல் இருந்திருந்தால். பெட்டி பெட்டியாக ஆப்பிள் இறக்கி, சீசன் முடிந்த பின் விற்கிறவர் அவர். தையற்காரியின் வீட்டை மொத்தமாகப் பிடித்துக் கிடங்காக்கிக்கொள்வதாகப் பேசிவிட்டார். அக்காவும் தலையாட்டிவிட்டாள். குளிரில் அவள் விரல்கள் மரத்துப்போய், ஊசியில் நூல் கோர்க்க ஒரு காலைப்பொழுது ஆகிக்கொண்டிருந்தது. துணி கொடுக்கிறவர்கள் ஒவ்வொருவராக வேறு தையல்கடை பார்த்துக்கொண்டார்கள். மாமா கல் கல்லாகச் சேர்த்துக் கட்டிய வீட்டை விட்டு, மண்டிக்குப் பின்னால் ஒரு ஒற்றை அறைக்குப் போவதாக ஏற்பாடு. பேசி முடித்த பிறகு மண்டிக்காரருக்கு ஒரு சந்தேகம் வந்தது. சரக்கை இறக்கிய பிறகு குளிர் நின்றுபோனால்? நேராகக் காதுக்காரர் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"உங்களை ரிப்பேர் பண்ணச் சொல்லி வரல. ரிப்பேர் பண்ண மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"அது எப்படிங்க நான் சொல்றது?"

"என்ன கஷ்டம் இதுல? இத்தனை வருஷமா அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கலையாமே. அதையே தொடர்ந்து பண்ணுங்கன்னு கேக்கறேன். சும்மா இருக்கறதுக்கு உத்தரவாதம், அவ்வளவுதான். நாளைக்கு அந்த வீட்டுக்கே வந்து, உங்க அக்கா முன்னாடி சொல்லிடுங்க."

மண்டிக்காரர் மனதில் வஞ்சகம் எதுவும் இல்லை. வியாபாரத்தில் கேட்கிற சாதாரணக் கேள்வி என்றுதான் கேட்டார். காதுக்காரருக்கு ஸ்டூலில் உட்கார்ந்த இடத்திலேயே அடி விழுந்தது. அந்த வீட்டில் ஆப்பிள் ஏறிவிட்டால் அந்தப் பெட்டியைப் பிரிக்க ஒரு இடம் இனி உலகத்தில் இருக்காது என்று தெரிந்தது. மறுநாள் மதியம் பையை எடுத்துக்கொண்டு, எண்ணெய் மில்லைச் சுற்றாமல், நேர்வழியில் நடந்தார்.

அக்கா இரண்டு சால்வை போர்த்தி, விரல்நுனி வெட்டிய கையுறை மாட்டி, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்து எழவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. நேற்றுப் போய் இன்று வந்தவனிடம் கேட்பது போல, "சாப்பிட்டியா?" என்றாள். அவர் தலையாட்டினார். தலையாட்டல் சாப்பிட்டதற்கா, சாப்பிடாததற்கா என்று அவருக்கே தெரியவில்லை. மண்டிக்காரர் மஃப்ளரைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைத் தட்டிப் பார்த்து, சரக்கை எந்தப் பக்கம் அடுக்கலாம் என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

காதுக்காரர் சமையலறைக்குள் போய் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்தார். ஸ்க்ரூ டிரைவரை மோட்டார் மேல் வைத்துக் காதைக் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. பழைய மோட்டார் மெல்ல ஓடும், பொறுத்துப் பார்த்தார். பிறகு புறங்கையால் தொட்டார். அந்த வீட்டிலேயே சில்லென்று இல்லாத ஒரே சாமான் அந்த ஃபிரிட்ஜ்தான். கதவைத் திறந்தார். தட்டுத் தட்டாக நூல்கண்டுகள், பொத்தான் டப்பாக்கள், ஜிப்புகள், சட்டைக் காலருக்கு வைக்கிற கேன்வாஸ் துணி. பிளக் சுவரில் ஓர் ஆணியில் மாட்டியிருந்தது. அதன் மேல் தூசு, தூசு மேல் பனி.

"எப்பக்கா கழட்டின?"

"உங்க மாமா மருந்துக் குப்பிக்குள்ள ஊசி ஊசியா ஐஸ் நின்னுச்சே, அன்னைக்கு," என்றாள் அக்கா. "புது மருந்து வாங்கிப் போட்டேன். அதுக்குள்ள உடம்பு கைமீறிப் போயிடுச்சு."

அக்காவுக்குத் தெரியும். முதலிலிருந்தே தெரியும். காதுக்காரர் குனிந்தபடியே நின்றார். நிமிர்ந்தால் முகத்தைக் காட்ட வேண்டியிருக்கும். மண்டிக்காரர் அந்தப் பக்கத்திலிருந்து, என்ன சார், பண்ண முடியாதுதானே என்று உற்சாகமாகக் குரல் கொடுத்தார். பேசத் தெரியாத இடத்தில் வேலை தெரிந்தவன் வேலையைப் பார்ப்பான். காதுக்காரரும் அதையே செய்தார். குளிர் ஃபிரிட்ஜிலிருந்து வரவில்லை என்றால் வேறெங்கிருந்தோ வருகிறது. புறங்கையை நீட்டி, காற்றில் தடவிக்கொண்டே நடந்தார். கூடத்தில் குறைந்தது. மாமாவின் கட்டிலருகே இன்னும் குறைந்தது. திரும்பச் சமையலறைக்குள் வந்தால் ஏறியது. அடுப்பு மேடைக்கு மேலே இருந்த பலகையருகே போனபோது நகக்கண் வலித்தது. பலகையில் ஒரு எவர்சில்வர் டம்ளர், மேலே தட்டு போட்டு மூடி இருந்தது. அதைச் சுற்றிப் பனி கையளவு தடிமனில் ஏறியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரின் முனையை டம்ளரில் வைத்து, கண்ணை மூடினார். உள்ளே ஸ்பூன் கலக்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் ஊரில் உள்ள மோட்டாருக்கெல்லாம் பின்னால் கேட்ட அதே சத்தம்.

"அது உன்னோடது," என்றாள் அக்கா, பின்னால் வந்து நின்று. "இதோ வந்துடறேன்னு சொன்னியே."

"அக்கா, அந்த ஒயர்..."

"ஒயரைப் பத்தி உன்கிட்ட எப்பவாவது கேட்டேனா? நானும்தான் ஒரு மாப்பிள்ளைச் சட்டைக்கு வலது கைய இடது பக்கம் வச்சுத் தச்சேன். விடியறதுக்குள்ள போய்ப் பிரிச்சுத் தச்சுக் கொடுத்தேன். தப்பு எல்லார் கையிலயும் வர்றதுதான். நீ வரலடா. அவரு கட்டில்ல இருந்தப்பவும் வரல, கட்டிலை விட்டு எடுத்தப்பவும் உள்ள வரல. அதை எங்க எடுத்து வைக்கறதுன்னு எனக்குத் தெரியல. அங்கயே வச்சிருக்கேன்."

காதுக்காரர் தட்டை எடுத்தார். டீ உறைந்திருக்கவில்லை. மேலே ஆடை படிந்து, போட்ட அன்று இருந்த நிறத்திலேயே இருந்தது. டம்ளரைப் பிடித்த கையில் தோல் ஒட்டிக்கொண்டது. நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் குடித்தார். அவருக்குப் பிடித்தபடி ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடவே இருந்தது. அது தொண்டையில் இறங்கியபோதுதான் அவர் தாங்காமல் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டார். குளிர் நெஞ்சில் இறங்கி, தோளில் பரவி, விரல்நுனி வரை போய், அங்கே தங்கியது. ஜன்னல் கண்ணாடிகளில் பனி வழுக்கிக்கொண்டு இறங்கியது. கூரையிலிருந்து சொட்டியது. தெருவில் கதவிடுக்கில் உட்கார்ந்திருந்த வாத்தியார், முதுகு வியர்க்கிறதே என்று எழுந்து நாற்காலியைப் பார்த்தார். பூக்காரி இன்னும் எடுக்காமல் விட்டிருந்த கூடையில் பூவெல்லாம் ஒரேயடியாகத் தலை சாய்ந்தது. அக்கா ஒரு சால்வையைக் கழற்றினாள், பிறகு இன்னொன்றை. மண்டிக்காரர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கையை எடுத்தார். மறுபடியும் வைத்துப் பார்த்தார். கடைசியில் மஃப்ளரை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சும்மா இருக்கத்தானே சொன்னேன்," என்று வருத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

காதுக்காரர் அட்டைப்பெட்டியைப் பிரித்தார். சிவப்பு ஒயரை அவிழ்த்தபோது டேப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. தெர்மோஸ்டாட்டைப் பொருத்தி, பிளக்கைத் துடைத்து மாட்டினார். மோட்டார் முனகி, இருமி, ஓடத் தொடங்கியது. இரண்டு பேரும் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். நூல்கண்டுகளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு அக்கா ஒவ்வொன்றாகச் சிக்கெடுத்தாள். அப்புறம் உள்ளேயிருந்து டக் என்று ஒரு சத்தம் வந்தது. மோட்டார் நின்றது.

"நின்னுடுச்சு," என்றாள் அக்கா. காதுக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், புகைதான் வந்தது.

குளிர் அன்றிலிருந்து அவரிடமே இருக்கிறது. பொறி பறக்கும் வெயிலிலும் அவர் பேசினால் வாயில் புகை வரும், அவர் உட்கார்ந்து எழுந்த ஸ்டூலில் ஈரம் படியும். டாக்டர் உடம்பு நல்லாத்தான் இருக்கிறது என்றார். ஊர் முதலில் வாயைப் பிளந்தது, பிறகு பயன்படுத்திக்கொண்டது. கோடையில் கெட்டுப்போகாத சாமானைக்கூடக் கெட்டுவிட்டது என்று சொல்லி அவரை வீட்டுக்கு வரவழைத்து, நடுக்கூடத்தில் உட்கார வைத்து, குழந்தைகளைப் பக்கத்தில் படுக்கப் போட்டார்கள். மீன்காரர் தன் கூடைக்குப் பக்கத்தில் நின்று பேசிவிட்டுப் போகும்படி கெஞ்சுவார். மண்டிக்காரர் சீசனுக்குச் சீசன் வந்து, கிடங்கில் வந்து சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறார். முடியாது என்ற பதில் கிடைக்கிறது. இப்போது காதுக்காரர் யாரிடமும் இதோ என்று சொல்வதில்லை. சொந்தக்காரர்கள் வீட்டு வேலையைத்தான் முதலில் முடிக்கிறார். அவர் மனைவி பென்சிலைத் தூக்கிப் போட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அக்கா வீட்டுக்குப் போகிறார். இப்போதெல்லாம் அந்த வீட்டில் மட்டும் அவர் மூச்சு புகைவதில்லை. அக்கா தைத்து இஸ்திரி போட்ட துணிகளைச் சூடு ஆறுவதற்குள் மடித்து அவர் மடியில் வைக்கிறாள். அவர் விரல்களை மடிப்புக்குள் நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மாமாவைப் பற்றிச் சில நாள் பேசுகிறார்கள், சில நாள் பேசுவதில்லை. மன்னித்தாளா என்று அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. நகக்கண்ணில் வலி விடுகிற நேரத்தில் அவள் டீ கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்து, அவர் குடித்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் வாசற்படி இறங்கித் தெருமுனை திரும்புவதற்குள் குளிர் பழையபடி விரல்களில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. டம்ளரை அக்கா உடனே கழுவிக் கவிழ்த்துவிடுகிறாள்.